கண்ணீர் வந்த பிறகு என்ன பேசுவது? பாக் நீரிணை மீனவர் சந்திப்புகளில் குறிப்பெழுதிய அனுபவம்

பாக் நீரிணை மீனவர் பிரச்சினையைப் பற்றி எழுதுகிறவர்கள் 1974, 1976 ஒப்பந்தங்களில் தொடங்கி, கச்சத்தீவு வழியாகக் கடற்படைக்கு வந்து சேர்வார்கள். நான் கோபத்திலிருந்து தொடங்குகிறேன். இந்திய, இலங்கை மீனவர்கள் நேருக்கு நேர் உட்கார்ந்த சந்திப்புகளில் குறிப்பெழுதும் வேலை எனக்கு. என் நோட்டுகளில் அதிகம் இருப்பது கோபம்தான்.

நான் ராமநாதபுரம் மாவட்டத்துக் கரைக்காரன். அப்பா நாட்டுப்படகில் போனவர். நான் கடலுக்குப் போகாமல் ஒரு தொண்டு நிறுவனத்தில் சேர்ந்தேன். சங்கங்களுக்கு மனு எழுதிக் கொடுப்பது, அக்கரையில், அதாவது இலங்கையில், சிறைப்பட்டவர்களின் குடும்பங்களுக்காக அலைவது, கூட்டம் நடந்தால் நடந்ததை எழுதிவைப்பது. அரசுகள் நடத்திய பெரிய சுற்றுகளின்போது வாசலுக்கு வெளியே நின்றேன். மீனவர்களே கூடிப் பேசிய சின்னச் சந்திப்புகளில் உள்ளே இருந்தேன். இரண்டையும் பார்த்ததில் எனக்குப் பட்டது இதுதான்: அறைக்குள் மனம் இளகுவது பெரிய காரியமே இல்லை. அநேகமாக ஒவ்வொரு முறையும் இளகுகிறது. இளகின மனசோடு கொடுத்த வாக்கு ஊர் போய்ச் சேருவதில்லை, அவ்வளவுதான்.

தகராறு என்னவென்று தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். எங்கள் விசைப்படகுகள் இழுவைமடி போட்டுக் கடல் தரையோடு வாரி வருகின்றன, முக்கியமாக இறாலுக்காக. பாக் நீரிணை ஆழமில்லாத, ஒடுக்கமான கடல். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே முப்பது கிலோமீட்டர்கூட இல்லை. தமிழ்நாட்டுச் சட்டப்படி கரையை ஒட்டிய சில கடல் மைல் நாட்டுப்படகுக்கு ஒதுக்கப்பட்டது. அதைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் ராமேஸ்வரம் பக்கம் எல்லைக்கோடு வந்துவிடும். இடையில் இருக்கிற தண்ணீர் இத்தனை படகுகளுக்குப் போதாது. 1983க்குப் பிறகு போர்க்காலத்தில் அக்கரை மீனவர்கள் பாஸ், எரிபொருள் கட்டுப்பாடு, இடப்பெயர்வு என்று கடலுக்கே போக முடியாமல் கிடந்தார்கள். அந்த வருடங்களில் எங்கள் படகுகள் அங்கே போய்ப் பழகிவிட்டன. 2009 மே மாதம் போர் முடிந்து அவர்கள் கடலுக்குத் திரும்பினால், கண்ணெதிரே இந்திய ரோலர்கள் (இழுவைமடிப் படகுகளை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்). அவர்கள் ராத்திரி விரித்துவிட்ட வலையை ரோலர் அறுத்துக்கொண்டு போகும். திங்கள், புதன், சனி எங்கள் விசைப்படகுகளுக்கான நாள். அந்த ராத்திரிகளில் அங்கே பலர் வலையே விடுவதில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கத்து நாட்டுப்படகுக்காரனுக்கும் விசைப்படகின் மேல் இதே புகார்தான். அந்த விஷயத்தில் என் அப்பாவுக்கும் மன்னார்த் தீவின் பேசாலைக்காரருக்கும் ஒரு வித்தியாசமும் கிடையாது. ஆக, நான் நடுநிலை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இரண்டு பக்கமும் ஒரே மொழி, பல ஊர்களில் அதே அந்தோணியார், அதே மாதா. அதனால் உட்கார்ந்தாலே பாதி முடிந்தது என்று எங்கள் ஆட்கள் நினைத்துப் போவார்கள். யாராவது எழுந்து, நாமெல்லாம் தொப்புள்கொடி உறவு என்று ஆரம்பிப்பார். எதிரே முகங்கள் இறுகும். ஒருமுறை மன்னார்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் குரலை உயர்த்தாமல் சொன்னார்: “உறவு எண்டுதான் தம்பி இவ்வளவு நாளும் பொறுத்தனாங்கள். வேற ஆக்கள் எண்டால் இப்பிடி இருந்து கதைப்பமே?”

அதற்கப்புறம் எங்கள் ஆட்களைத் தயார் செய்யும்போது நான் முதலில் சொல்வது: உறவுப் பேச்சை நீங்கள் தொடங்காதீர்கள். வலை அறுபட்டவர் அதைச் சொன்னால் அது பெருந்தன்மை. அறுத்தவர் சொன்னால் சலுகை கேட்கிற மாதிரி. அவர்கள் எடுக்கிற வரை காத்திருங்கள். பெரும்பாலும் சாப்பாட்டு நேரத்தில் அவர்களே எடுப்பார்கள்.

இதைவிட மோசமானது துக்கப் போட்டி. எங்கள் பக்கம் துப்பாக்கிச் சூட்டில் செத்தவர்கள், கடலில் காணாமல் போனவர்கள், பிடிபட்டு வருடக்கணக்காக யாழ்ப்பாணத்து மயிலிட்டித் துறைமுகத்திலும் மற்ற இடங்களிலும் மட்கிக் கிடக்கிற படகுகள். அவர்கள் பக்கம் போர், முகாம், எல்லாம் இழந்து திரும்பி வந்தால் தொழிலும் போனது. “நீங்க வலை போனதச் சொல்றீங்க. நாங்க பொணம் தூக்கியிருக்கோம்” என்று இங்கிருந்து ஒருவர் சொன்னார். “நாங்கள் எத்தினை பிணம் தூக்கினனாங்கள் எண்டு உங்களுக்குத் தெரியுமோ?” என்று அங்கிருந்து வந்தது. அன்றைக்கு அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை.

ஒருவர் துக்கத்துக்குப் பதிலாக நம் துக்கத்தைச் சொல்வது ஆறுதல் போலத் தோன்றும். கேட்கிறவருக்கு அது மறுப்பு. இதற்கு நாங்கள் கண்ட வழி ரொம்ப எளிது. ஒரு காலை முழுக்க ஒரு தரப்பு மட்டும் பேசும். எதிர்த் தரப்பு கேள்வி கேட்கலாம், பதில் சொல்லக் கூடாது. அவர்களுடைய முறை மறுநாள், நடுவில் ஒரு ராத்திரி கழிந்த பிறகு. கேள்வியும் விவரக் கேள்வியாக இருக்க வேண்டும். எந்த மாதம், என்ன வலை, என்ன கண்ணி, எத்தனை பாகம் ஆழம், எந்தத் துறைப் படகு. “உங்க கஷ்டம் எங்களுக்குப் புரியுது” என்று பத்துத் தடவை சொல்வதைவிட “அப்ப காத்து எந்தப் பக்கம் இருந்துச்சு?” என்று ஒரு தடவை கேட்பதில் எதிராளிக்கு நம்பிக்கை வருவதைப் பார்த்திருக்கிறேன். கேட்கிறவன் அந்தக் கடலில் மனதால் நின்றால்தான் அந்தக் கேள்வி வரும்.

அப்புறம், அதை எழுத வேண்டும். அதிகாரிகள் தயாரிக்கும் கூட்டக் குறிப்பில் இதெல்லாம் “இரு தரப்பினரும் கருத்துகளைப் பரிமாறிக்கொண்டனர்” என்று ஒரு வரியில் போய்விடும். அப்படிப் போனால் அடுத்த கூட்டத்தில் அதே ஆள் அதே துக்கத்தை இன்னும் சத்தமாகச் சொல்வார். அவரைக் குறை சொல்ல முடியாது, அது எங்கேயும் பதிவாகவில்லை. நான் மாலையில் எழுதியதை வாசித்துக் காட்டுவேன். “பதினெட்டு இல்லை, பத்தொன்பது வலை” என்று திருத்துவார்கள். திருத்திய பிறகு அந்தக் கதை அந்தச் சந்திப்பில் திரும்ப வருவதில்லை.

இந்தப் பதினெட்டு, பத்தொன்பது வந்த சந்திப்பை விவரமாகச் சொல்ல வேண்டும்.

அக்கரைக்காரர் ஒருவர் உரச்சாக்கில் கொண்டுவந்த வலையை மேசைமேல் கொட்டினார். பாசி காய்ந்த வாடை. எங்கள் பக்கம் ஒரு விசைப்படகு உரிமையாளர், ஒன்றுக்கு மேற்பட்ட படகு உள்ளவர், அதுவரை கையைக் கட்டிக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் சின்ன வயதில் வலை பொத்தி வளர்ந்தவர் என்பது எங்களுக்குத் தெரியும். எழுந்து போய் வலையை எடுத்தார். கிழிசலை இரண்டு கை விரலாலும் விரித்துப் பிடித்து, வெளிச்சத்துப் பக்கம் திருப்பிப் பார்த்தார். நண்டு மாட்டிக் கிழிந்தால் ஒரு மாதிரி இருக்கும், பாறையில் சிக்கினால் வேறு மாதிரி. இது மேல்கயிறோடு நேராக அறுந்திருந்தது. “இது மடிப்பலகை போன தடம்தான்” என்றார், தனக்குத்தானே சொல்வதுபோல. இழுவைமடியின் வாயை விரித்துப் பிடிக்கிற கனமான பலகை அது. அதுவரை எங்கள் தரப்பு ‘வலை அறுந்ததற்கு எங்கள் படகுதான் காரணம் என்று என்ன ஆதாரம்’ என்று பேசிக்கொண்டிருந்தது. ஒரே நிமிடத்தில் அது முடிந்தது.

“எத்தன போச்சு?”

“பதினெட்டு, அண்ணை. மனுசியின்ர நகை அடகு வச்சு எடுத்தது.”

“வட்டி என்ன?”

இந்தக் கேள்வியை யாரும் எதிர்பார்க்கவில்லை. அரை மணி நேரம் இருவரும் வட்டியைப் பற்றியே பேசினார்கள். எங்கள் ஆளின் படகுகள்மேல் இறால் வியாபாரியிடம் வாங்கிய முன்பணம் இருந்தது. மீனை அவரிடம்தான் போட வேண்டும், அவர் சொன்னதுதான் விலை. அக்கரைக்காரருக்கும் ஒரு முதலாளி, அதே கதை. மீன்பிடி நாள் கணக்கையும் எல்லைக்கோட்டையும் பற்றி இரண்டு நாளாக நகராத பேச்சு, இரண்டு கடன்காரர்கள் பேச ஆரம்பித்ததும் ஓடியது. யார் ஏன் நிறுத்த முடியவில்லை என்பது எனக்கே அன்றுதான் முழுசாக விளங்கியது.

அன்று சாயங்காலம் எங்கள் ஆள் கண் கலங்கிப் போய் எழுந்து, “எங்க தொறைப் படகு இனிமே உங்க கரைக்கு அஞ்சு மைலுக்குள்ள வராது. அது என் பொறுப்பு” என்றார். கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஹால் முழுக்கக் கைதட்டல்.

ஊருக்கு வந்து சங்கத்தில் சொன்னார். “அண்ணே, யாரக் கேட்டு வாக்குக் குடுத்தீக? நீங்க அங்க அழுதுட்டு வந்தீக. அதுக்கு நாங்க படகக் கட்டிப் போடணுமா?” என்று ஒரு இளைஞர் கேட்டார். அவருக்கும் கடன். அவர் அந்த வலையைத் தொட்டுப் பார்த்ததில்லை. கொஞ்ச நாளில் படகுகள் பழையபடி போயின. உரிமையாளர் சங்கப் பொறுப்பிலிருந்து ஒதுங்கிக்கொண்டார். அக்கரையில் கையைப் பிடித்த மனிதரை அவர் ஊர்க்காரர்கள் ‘கதையைக் கேட்டு ஏமாந்து வந்தவர்’ என்று கேலி செய்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். இரண்டு கரையிலும் மற்றவர் வலியை உணர்ந்த ஆளுக்குத்தான் பேசும் தகுதி பறிபோனது. சந்திப்பே நடக்காமல் இருந்திருந்தால்கூட நிலைமை இதைவிட மேலாக இருந்திருக்கும்.

பெரிய ராஜதந்திரக் கதைகளைச் சொல்கிறவர்கள் இந்தப் பாதியை விட்டுவிடுகிறார்கள். 1978 செப்டம்பரில் அமெரிக்காவின் கேம்ப் டேவிட்டில் எகிப்து, இஸ்ரேல் பேச்சு 13 நாள் நடந்தது. கடைசி நாளில் ஜெருசலேம் பற்றிய ஒரு கடிதத்தால் எல்லாம் முறியும் நிலை. அமெரிக்க ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர், இஸ்ரேல் பிரதமர் மெனகெம் பெகினின் பேரக்குழந்தைகள் ஒவ்வொருவர் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்ட படங்களை அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். பெகின் ஒவ்வொரு பெயராகப் படித்துக் கலங்கினார். எல்லாரும் சொல்லும் கதை இது. அதே நேரத்தில் கார்ட்டர் அந்தக் கடிதத்தின் வாசகத்தையும் மாற்றி எழுதித் தந்தார் என்பதை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. பேரக்குழந்தைகளை நினைத்தால் பெகினின் மனம் திரும்பலாம். ஆனால் தன் நாட்டுக்குப் போய்க் காட்ட அவருக்குத் தாளில் ஒரு வாசகம் வேண்டும். எங்கள் உரிமையாளரிடம் அது இல்லை. ஐந்து மைலுக்குள் போகாவிட்டால் முன்பணத்தை எப்படி அடைப்பது என்ற கேள்விக்கு அவர் கையில் ஒன்றுமே இல்லாமல் ஊர் திரும்பினார்.

அரசு ஏற்பாட்டில் நடந்த சுற்றுகளும் ஏறக்குறைய இங்கேதான் இடறின. 2014 ஜனவரியில் சென்னை, மே மாதம் கொழும்பு, 2015 மார்ச்சில் மறுபடி சென்னை. 2015இல் எங்கள் தரப்பு வைத்த கோரிக்கை, மூன்று வருடத்தில் இழுவைமடியை விட்டுவிடுகிறோம், அதுவரை உங்கள் கடலில் வருடத்துக்கு 83 நாள் அனுமதியுங்கள் என்பது. எங்கள் துறைகளில் அது பெரிய விட்டுக்கொடுத்தல். வாரத்துக்கு மூன்று நாள் போகிறவன் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைத்துக்கொள்கிறான். அக்கரையில் அது எப்படிக் கேட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 83 ராத்திரி வலை விட முடியாது என்று அவர்களே கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். அவர்கள் மறுத்தார்கள். எங்கள் பக்கம் “எவ்வளவு இறங்கி வந்தோம், கல் மனசு” என்று பேச்சு. நான் கல் மனசு என்று நினைக்கவில்லை. எண்ணைச் சொல்லும் முன் அதை எதிராளியின் வீட்டு வாசலில் நின்று ஒருமுறை சொல்லிப் பார்த்திருந்தால், எந்த எண்ணாக இருந்தாலும் முதலில் அறுபட்ட வலைக்கு என்ன வழி என்ற இடத்தில் பேச்சைத் தொடங்கியிருப்பார்கள்.

ஆகவே இப்போது சந்திப்பு ஏற்பாடு செய்கிறவர்கள் யோசனை கேட்டால் நான் சொல்வது சில விஷயங்கள். கண்ணீர் வந்த நாளில் எந்த முடிவும் எடுக்காதீர்கள். யார் கேட்டாலும் ‘நாளைக்கு’ என்று சொல்லுங்கள். மறுநாள் காலையில் ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி: “இத உங்க ஊர்ல எந்திரிச்சு நின்னு எப்படிச் சொல்லுவீங்க?” அவரையே எழுந்து நின்று சொல்லச் சொல்வேன். மற்றவர்கள் அவருடைய ஊர்க்காரர்களாக இருந்து குறுக்குக் கேள்வி கேட்க வேண்டும். எதிர்த் தரப்பும் அந்தக் கூட்டத்தில் உட்கார வேண்டும். வேடிக்கையாக இருக்கும், சிரிப்பும் வரும். ஆனால் அக்கரைக்காரர் ஒருவர் ராமேஸ்வரத்து இளைஞன் மாதிரி “எங்க கடன யாரு அடைப்பா?” என்று கேட்டுப் பார்க்கும்போது, அந்த வாக்கு எவ்வளவு தாங்கும் என்று அவருக்கே தெரிந்துவிடுகிறது. அதற்கப்புறம் அவர் கேட்பது குறைகிறது, கேட்பது நடக்கவும் செய்கிறது. ஐந்து மைல் என்று இருந்தது, ஒருமுறை, குறிப்பிட்ட சில இடங்களில் குறிப்பிட்ட மாதங்களில் வராமல் இருப்பது என்று சுருங்கியது. அந்தச் சின்ன வாக்கு, என் கணக்கில், அந்த ஐந்து மைலைவிட ரொம்ப நாள் நின்றது.

கோபத்தைச் சமாளிக்கப் பார்க்காமல் கவனியுங்கள் என்றும் சொல்வேன். ஒருவர் எந்த வார்த்தைக்குச் சட்டென்று எழுகிறார் என்று நோட்டின் ஓரத்தில் குறித்துவைப்பேன். நஷ்டக் கணக்குப் பேசும்போது அமைதியாக இருந்தவர் ‘எல்லை தாண்டித் திருடுகிறவர்கள்’ என்றதும் எழுந்தால், அவருக்குப் பணத்தில் விட்டுக்கொடுக்க முடியும், மானத்தில் முடியாது. அதைத் தெரிந்துகொள்ள வேறு வழி எனக்குத் தெரியவில்லை. நேராகக் கேட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள்.

கேமரா உள்ளே வரக் கூடாது. இதை வாதாட வேண்டிய தேவையே இல்லை, ஒரு தடவை டிவிக்காரர்களை உள்ளே விட்டுப் பாருங்கள்.

அரசுகள் ‘நல்லெண்ண அடிப்படையில்’ மீனவர்களை விடுவிப்பது பற்றி எனக்கு இரண்டு மனசு. தலைவர்கள் வரும் நேரம் பார்த்துச் சிலரை விடுவிப்பார்கள். விமான நிலையத்தில் மனைவி, பிள்ளைகள் நிற்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான், அதை நாடகம் என்று சொல்ல வாய் வராது. ஆனால் அந்த உணர்ச்சி அன்றைய செய்தியோடு செலவாகிவிடுகிறது. இழுவைமடிக்கு மாற்றாக ஆழ்கடல் சூரைமீன் படகுத் திட்டம் 2017இல் வந்தது. படகு ஒன்றுக்கு 80 லட்சம், அதில் மத்திய அரசு பாதி, மாநில அரசு 20 சதவீதம், மீதி வங்கிக் கடனும் உரிமையாளர் பங்கும். மூன்று வருடத்தில் 2,000 படகுகளை மாற்றுவது இலக்கு. கொஞ்சம் பேர்தான் மாறினார்கள். ஒருநாள் தொழிலுக்குப் பழகியவனுக்கு வாரக்கணக்கில் கடலில் கிடக்கும் தொழில் வேறு உலகம். அதே 2017இல் இலங்கை நாடாளுமன்றம் இழுவைமடியைச் சட்டமாகவே தடை செய்தது, அடுத்த வருடம் வெளிநாட்டுப் படகுகளுக்கான அபராதத்தை ஏற்றியது. 2024இல் சில படகு டிரைவர்களுக்கு அங்கே சிறைத்தண்டனை விழுந்ததும், ராமேஸ்வரத்துக்காரர்கள் அந்த வருடம் கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவைப் புறக்கணித்தார்கள். வருடத்துக்கு ஒரு முறை இரண்டு கரைச் சனமும் அரசு அனுமதியோடு படகில் போய் ஒன்றாக உட்காரும் இடம் அது. கோபம் நியாயமானது. ஆனால் பேச வேண்டிய வருடத்தில் பேசுமிடத்தை நாமே மூடினோம்.

2025 மார்ச்சில் எங்கள் மீனவர் பிரதிநிதிகள் வவுனியாவில் வட இலங்கை மீனவர்களோடு மறுபடி உட்கார்ந்தார்கள். உட்கார்வது நல்லதுதான். எனக்குள்ள குறை, இத்தனை வருடத்திலும் உட்கார்கிறவர்கள் ஒரே வகை ஆட்கள் என்பது. எங்கள் பக்கம் பெரும்பாலும் படகு உரிமையாளர்கள், சங்கத் தலைவர்கள். பிடிபட்டுச் சிறை போவது டிரைவரும் பங்குக்கு வேலை செய்கிற ஆட்களும். நகையை அடகு வைத்தது இரண்டு கரையிலும் பெண்கள், அவர்கள் எந்த மேசையிலும் இல்லை. கைதானவர் குடும்பங்களுக்காக அலையும்போது நான் பார்த்தது, வீட்டில் எவ்வளவு கடன், யாரிடம், எப்போது தவணை என்ற கணக்கு முழுசாக மனைவிக்குத்தான் தெரியும். எந்த வாக்கைக் குடும்பம் தாங்கும், எதைத் தாங்காது என்று அவர்கள் அங்கேயே சொல்லிவிடுவார்கள். ஊருக்கு வந்தபின் வரும் எதிர்ப்பு அறைக்குள்ளேயே வந்துவிட்டால் அதை எதிர்த் தரப்பும் கேட்கும்.

இதற்கு நடைமுறையில் ஒரு தடங்கல் இருக்கிறது. எல்லை தாண்டியதாகப் பிடிபட்ட டிரைவர்களில் பலரிடம் பாஸ்போர்ட்டே கிடையாது. அவர்கள் மனைவிமாரிடம் அதைவிடக் கிடையாது. விண்ணப்பம் போட்டு, பிறந்த தேதிக்குச் சான்று தேடி, போலீஸ் விசாரணை முடிந்து கைக்கு வருவதற்குள் கூட்டத் தேதி போய்விடும். அதனால் அடுத்த சந்திப்புக்குத் தேதி குறிப்பதற்கு முன்பே துறைக்கு நாலைந்து பேரைத் தேர்ந்தெடுத்து, பாஸ்போர்ட் வேலையைத் தொடங்கிவிடுங்கள் என்று சங்கங்களிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இரண்டு சங்கங்கள் பெயர்ப் பட்டியல் கொடுத்திருக்கின்றன. அதில் இன்னும் பெண்கள் பெயர் இல்லை.